வீட்டில் எத்தனை அடுப்பு?

நான் ஓய்வு பெற்ற அன்று, என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் ஒரு குட்டி நாடகம் போட்டார்கள். ஒருத்தி வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மருந்து வாங்க வந்தவனாக நடித்த பையனிடம் என் குரலிலேயே கேட்டாள்: "மருந்து இருக்கட்டும். வீட்டுல எத்தனை அடுப்பு?"

கூடமே சிரித்தது. நானும்தான். முப்பது வருஷத்துக்கு மேல், வயதானவர்களுக்கு மருந்து வாங்க வந்த யாரிடமும் அதைக் கேட்காமல் நான் பாட்டிலை நீட்டியதில்லை. "ஏம்மா, கல்யாணத்துக்குச் சமையல் பிடிக்கியளா?" என்று திருப்பிக் கேட்டவர்கள் உண்டு. அடுப்பு கணக்கெடுக்க சர்க்கார் ஆள் அனுப்பியிருக்கிறது என்று நினைத்து, "ஒண்ணுதாம்மா, அதுவும் புகையுது" என்று பயந்து சொன்னவரும் உண்டு.

போன மாதம், அந்த நாடகத்தில் நானாக நடித்த பெண் போன் பண்ணினாள். இப்போது முதியோர் இல்லமொன்றில் மருந்துப் பிரிவைப் பார்க்கிறாள். அங்கே மறதிநோய்க்காரர்கள் நிறைய. பொழுது சாயும் நேரமானால் சிலர் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுகிறார்களாம். சத்தம் போடுகிறார்கள், பிடிக்கப் போனால் அடிக்கிறார்கள். "மேடம், அந்தக் காலத்துல இதுக்கெல்லாம் நீங்க என்ன கொடுத்தீங்க?" என்றாள்.

"குளோர்புரோமசின்."

"அவ்வளவுதானா?"

"கூட ஒரு கேள்வியும் கேட்டோம்."

"ஐயோ மேடம், அடுப்பா?"

அடுப்புதான். அந்தக் கதையை அரைமணி நேரம் போனிலேயே சொன்னேன். எழுதி வையுங்கள் என்றாள். எழுதுகிறேன்.

மதுரையில் மருந்தாளுநர் டிப்ளமோ முடித்த கையோடு சங்கரன்கோவிலுக்கு வந்தேன். எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது, ஊர் தூத்துக்குடி. படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பயிற்சிக்காக மனநோய் வார்டு ஒன்றில் பதினைந்து நாள் இருந்தோம். மேசையை உதைத்துக் கத்திக்கொண்டிருந்த ஒருவர், குளோர்புரோமசின் கொடுத்த சில நாளில் எங்களிடம் "வாங்க, உக்காருங்க" என்றார். அன்றே அந்த மருந்தின் பரம ரசிகையாகிவிட்டேன். சினிமா நடிகர் படத்தை நோட்டில் ஒட்டுகிற வயதில், நான் அந்த மருந்தின் வேதியியல் வாய்பாட்டைப் படமாக வரைந்து வைத்திருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்தது ஒரு சின்னத் தர்ம ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். பன்னிரண்டு கட்டில், ஒரு டாக்டர், பின்னால் கிணறும் இரண்டு வரிசை வாழையும். நான் வந்ததும் என் ஜன்னலுக்கு மேல் "பார்மசிஸ்ட்" என்று எழுதி ஒட்டினேன். ஊர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "கம்பவுண்டரம்மா" என்று கூப்பிட்டது.

டாக்டர் பெயர் இருதயராஜ். ஐம்பதை ஒட்டிய வயது, கல்யாணம் ஆகாதவர். நாற்காலியில் உட்கார மாட்டார். நோயாளியின் கட்டிலில்தான் உட்காருவார். கட்டில் கிறீச்சிட்டால், "மன்னிக்கணும் அண்ணாச்சி, காலையில இட்லி ஒண்ணு கூடிப்போச்சு" என்பார். எந்த வயதானவரைக் கொண்டுவந்தாலும் மருந்துச் சீட்டைத் தொடுமுன் நாலு விஷயம் கேட்பார்: சாப்பாடு, வெளிக்கு, ஒண்ணுக்கு, வலி. அதற்குப் பிறகு நாக்கைப் பார்ப்பார், காதுக்குள் பார்ப்பார். ஒரு பெரியவர் நான்கு நாளாகச் சத்தம் போடுகிறார் என்று தூக்கி வந்தார்கள். டாக்டர் அவர் காதிலிருந்து புளியங்கொட்டை அளவுக்கு அழுக்கை எடுத்து வெளியே போட்டார். பெரியவர், "எதுக்குலே எல்லாரும் இப்படிக் கத்துதிய?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

டாக்டரிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று இருந்தது. வயதானவர்களுக்கு எழுதும்போது மருந்தின் பேரைப் பேனாவிலும், அளவைப் பென்சிலிலும் எழுதுவார். எனக்குப் பொறுக்கவில்லை. சீட்டு என்பது சட்டப்படி ஓர் ஆவணம். வந்த இரண்டாம் வாரமே போய்ச் சொன்னேன்.

"வயசானவங்க டோஸ் மாறிக்கிட்டே இருக்கும் மிஸ். இன்னைக்குச் சரியா இருக்கது அடுத்த வாரம் கூடிப் போகும். அழிக்கத் தோதா இருக்கட்டுமே."

"ரூல்படி மையிலதான் இருக்கணும் டாக்டர்."

"ரூல் எழுதுனவருக்கு வயசு என்ன இருக்கும்னு நெனைக்கிய?" என்று கேட்டுவிட்டுப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். கோபம் வந்தால் அவர் செய்கிற அதிகபட்ச வேலை அதுதான். நானும் விடவில்லை. சீட்டு என் கைக்கு வந்ததும், பென்சில் எழுத்துமேல் கறுப்பு மையால் அழகாக ஓட்டிவிடுவேன். இதை அவர் கவனித்ததில்லை. கவனித்த அன்றைக்கு என்ன ஆயிற்று என்பது பின்னால் வருகிறது.

ஒரு வைகாசி மாதம் கோமதிநாயகம் என்ற பெரியவரைக் கூட்டிவந்தார்கள். எழுபத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம், சேற்றில் ஊறிப்போன பாதம். ஆள் அந்தக் காலத்தில் நீர்பாய்ச்சி. குளத்து மடையைத் திறந்து, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பங்கு வைத்துத் தண்ணீர் விடுகிற வேலை. கடைசி வயலுக்கு, அதாவது கடைமடைக்கு, தண்ணீர் போய்ச் சேராமல் வீட்டுக்குத் திரும்பியதில்லை என்று ஊரில் பேர். இரண்டு வருஷமாக நினைவு தப்பிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் சாது. மாலை நாலு மணியானால் மட்டும் கால் நிலைகொள்ளாது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று மண்வெட்டியைத் தேடுவார்.

அவர்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வருவது ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் சரியாக நாலு மணிக்கு. தெருக் குழாயடியில் வரிசையாக நிறைகுடங்கள். அதைப் பார்த்ததும் அவருக்கு ஆவேசம் வந்துவிடும். "எவம்லே தண்ணியத் தேக்கி வச்சிருக்கது? விடுங்கலே, பாயட்டும்!" என்று ஒவ்வொரு குடமாகக் காலால் சாய்த்துக்கொண்டே போவார். ஒரு குடம் பிடிக்க அரைமணி நேரம் நின்றவள் சும்மா இருப்பாளா? தடுக்கப் போன இரண்டு பேருக்கு மண்வெட்டிக் காம்பால் அடி விழுந்திருந்தது.

கூட்டிவந்தவள் மூத்த மருமகள் சண்முகத்தாய். அவள் வாசலில் பேசினால் உள்ளே அறையில் மருந்து அளப்பவளுக்கு அளவு தப்பும், அப்படிப்பட்ட குரல்.

டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து, "அண்ணாச்சி, உங்க பேரு என்ன?" என்றார்.

"பேரு என்னத்துக்கு? தண்ணி எந்த மடையில நிக்கு, அதச் சொல்லும்வே."

"கடைமடைக்கு வந்தாச்சு அண்ணாச்சி."

"பொய் சொல்லாதயும். ஒம்ம செருப்புல ஈரமே இல்ல."

டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எல்லாம் பார்த்தார். பசிக்குக் குறைவில்லை, மலச்சிக்கல் இல்லை, ஒண்ணுக்குத் தடை இல்லை, வலி இல்லை. கண் மட்டும் மங்கல். சீட்டில் குளோர்புரோமசின் எழுதினார். "இது மறதிக்கு மருந்து இல்ல தாயி," என்றார் சண்முகத்தாயிடம். "போன நெனப்பு திரும்பி வராது. சாயங்காலம் வாற படபடப்பக் கொஞ்சம் தணிக்கும். ரெண்டு வாரம் கொடுத்துட்டுக் கூட்டிக்கிட்டு வாங்க."

"எப்படியாச்சும் அடங்கணும் டாக்டரய்யா. ஆடித்தபசுக்கு ஊரே இங்கன கூடும். அதுக்குள்ள அடங்கலன்னா மாட்டுத்தொழுவுல தூணோட கட்டிப்போட்டுருவேன்னு எங்க வீட்டுக்காரவுக சொல்லிட்டாவ. கயிறு வாங்கியாச்சு." சொல்லும்போது அந்தப் பெரிய குரல் முதல்முறையாக இறங்கியது. "பெத்த மகன் கட்டுவாரு. கட்டுன ஆளுக்கு நான் எப்படிச் சோறு வைக்க?"

அந்தக் கயிறு எனக்குச் சவாலாகப் பட்டது. என் அபிமான மருந்து என்ன செய்யும் என்று இந்த ஊருக்குக் காட்ட வேண்டும்.

பெரியவர் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, வெற்றிலை எச்சிலோடு துப்பிவிடுவாராம். அதனால் மிக்சர் என்கிற திரவ மருந்தாகச் செய்தேன். மாத்திரைகளைக் கல்வத்தில் போட்டு அரைக்க வேண்டும். தூள் பட்டால் தோல் அரிக்கும், அதனால் மூக்குக்கும் கைக்கும் துணி. சர்க்கரைப் பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழைத்து, கசப்பு தெரியாமல் ஆரஞ்சு வாசனை இரண்டு சொட்டு. வெளிச்சம் பட்டால் இந்த மருந்து நிறம் மாறும். பழுப்புப் பாட்டில்தான் வேண்டும். அப்போதெல்லாம் பாட்டிலை நோயாளி வீட்டிலிருந்துதான் கொண்டுவருவார்கள். சண்முகத்தாய் கழுவிக் காயவைத்த அரிஷ்ட பாட்டில் கொண்டுவந்தாள்.

அடுத்தது அளவுக் காகிதம். ஒரு வெள்ளைத் துண்டுக் காகிதத்தைப் பதினான்கு மடிப்பாக மடித்து, ஓரத்தில் ஒரே ஒரு வெட்டு. விரித்தால் ரம்பம் மாதிரிப் பல் பல்லாக வரும். அதைப் பாட்டிலின் பக்கத்தில் நெட்டுக்குத்தலாக ஒட்டினால், ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தவறமாட்டார்கள். முன்பக்கம் லேபிள். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். "கோமதிநாயகம். மாலை ஒரு அளவு. குலுக்கிக் கொடுக்கவும்" என்று எழுதினேன். இந்த "மாலை" என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மணியைப் போட்டிருக்க வேண்டும், போடவில்லை.

மருந்து பிடித்தது. ஐந்தாம் நாள் குழாயடியில் ஒரு குடமும் சாயவில்லை. பெரியவர் மண்வெட்டியைத் தேடினாராம், கிடைக்காததும் உட்கார்ந்துவிட்டாராம். இரண்டு வாரம் கழித்து சண்முகத்தாய் காலிப் பாட்டிலோடு தனியாக வந்தாள்.

"மாமாவக் கூட்டிட்டு வரலியா?"

"நல்லா இருக்காவ கம்பவுண்டரம்மா. இந்த வெயில்ல எதுக்கு இழுத்துக்கிட்டு வரணும்? நீங்க கைராசிக்காரி. தெருவே ஒங்களத்தான் பேசுது."

அதற்குப் பிறகு டாக்டரிடம் கேட்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எப்படி வரும்? எங்களிடம் தொடர்ந்து மருந்து வாங்குகிறவர்களின் சீட்டுகளை ஒரு கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருப்போம். கோமதிநாயகம் சீட்டைப் பார்த்து இன்னொரு பதினான்கு அளவு நிரப்பிக் கொடுத்தேன்.

நாலு நாள் கழித்து ஆனி பிறந்தது. முதல் தேதி காலையில் இன்னொரு பெண் ஜன்னலுக்கு வந்தாள். மெலிந்த உருவம், மெல்லிய குரல். கையில் கழுவிய அரிஷ்ட பாட்டில்.

"கோமதிநாயகம் பிள்ளை வீட்டுலேருந்து வாரேன். ரெண்டாவது மருமக, பார்வதி. எங்களுக்கும் மாமா மருந்து வேணும்."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தேன். எங்கள் தூத்துக்குடி வீட்டில் தாத்தாவுக்கு மாச முறை. ஒரு மாதம் அப்பா வீட்டில், ஒரு மாதம் சித்தப்பா வீட்டில். தமிழ் மாதம் முதல் தேதி காலையில் துணி மூட்டையும் வெற்றிலைப் பெட்டியுமாக இடம் மாறுவார். இன்றைக்கு ஆனி ஒன்று. பெரியவர் மூத்த மகன் வீட்டிலிருந்து இளையவன் வீட்டுக்கு முறை மாறி வந்திருக்கிறார். மருமகள்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது, மூத்தவளிடமிருந்து பாட்டிலை வாங்கமாட்டாள். போகட்டும், அந்த மருந்து அங்கே மூலையில் கிடக்கும்.

"முறை மாறிருச்சாக்கும்?" என்றேன், ஊர் வழக்கம் தெரிந்தவள் என்ற பெருமையோடு.

"ஆமா, எங்க முறையும் இருக்குல்லா," என்றாள் அவள்.

அரைத்தேன், குழைத்தேன், பல் வெட்டினேன், முத்துமுத்தாக லேபிள் எழுதினேன்.

பத்து நாள் போயிருக்கும். சண்முகத்தாய் ஓட்டமும் நடையுமாக வந்தாள். "கம்பவுண்டரம்மா, மருந்து பத்தல. திரும்ப ஆரம்பிச்சுட்டாவ. முன்னயாவது நாலு மணிக்குத்தான். இப்ப பகல் பூரா உக்கார மாட்டேங்காவ. நிக்காவ, நடக்காவ, வேட்டிய உருவுதாவ, என்ன ஏதுன்னு கேட்டா அடிக்க வாராவ. நேத்து சாயங்காலம் கட்டிப்போட்டாச்சு."

கட்டிப்போட்டாச்சு. எனக்கு அவமானமாக இருந்தது, பரீட்சையில் தோற்றதுபோல. நேராக டாக்டரிடம் போனேன்.

"டோஸை ஏத்தணும் டாக்டர். அளவு பத்தல. புத்தகத்துல இதைவிடக் கூட நிறையக் கொடுக்கலாம்னு போட்டிருக்கு."

"புத்தகத்துக்கு வயசு எழுபத்தஞ்சா?"

"டாக்டர், கயிறு போட்டுட்டாங்க."

"அதனாலதான் சொல்லுதேன் மிஸ். நல்லா இருந்த ஆளு திடீர்னு மோசமானா மருந்து பத்தலன்னு அர்த்தம் இல்ல. வேற என்னமோ நடக்கு. பாக்காம ஏத்தமாட்டேன். கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

மனதுக்குள் அவரைத் திட்டினேன். பென்சிலில் எழுதுகிற மனிதருக்குத் துணிச்சல் எங்கிருந்து வரும் என்று.

அன்று பதினோரு மணிக்கு வில்வண்டியில் கொண்டுவந்தார்கள். பெரியவரை இறக்கினார்கள். போன மாதம் டாக்டரைச் செருப்பு ஈரமில்லை என்று கிண்டல் செய்த ஆள், மரப்பாச்சி மாதிரி விறைத்திருந்தார். வாயோரம் எச்சில் வடிந்தது. முழங்கால் மடங்கவில்லை, ஆனாலும் நிற்க முடியாமல் இடத்தைவிட்டு இடம் தேய்த்துத் தேய்த்து நடந்துகொண்டே இருந்தார். கணுக்காலில் கயிற்றுத் தடம் சிவந்திருந்தது. வண்டியின் ஒருபக்கம் சண்முகத்தாய், மறுபக்கம் பார்வதி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

டாக்டர் அவரைப் படுக்கவைத்து அடிவயிற்றில் கைவைத்தார். பெரியவர் ஓங்கி ஒரு அறை விட்டார். டாக்டர் கன்னத்தைத் தடவிக்கொண்டே, "சரியான இடத்துலதான் கைவச்சிருக்கேன்," என்றார். அடிவயிறு பானை கவிழ்த்ததுபோல் மேடாக இருந்தது.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனாவ?"

சண்முகத்தாய் யோசித்தாள். "எங்க வீட்டுல இருக்கும்போது போகல. ராத்திரி அங்கன போயிருப்பாவன்னு நெனச்சேன்."

பார்வதி சுவரைப் பார்த்து, "எங்க வீட்டுல போகல. பகல்ல அங்கன போயிருப்பாவன்னு நான் நெனச்சேன்," என்றாள்.

"அங்கனன்னா எங்கன?" என்றார் டாக்டர்.

"ஒரே வீடுதான் டாக்டரய்யா, நடுவுல சுவரு எழுப்பியாச்சு. பாகம் பிரிச்சப்பவே பேசுனது. காலைச் சாப்பாடு, மத்தியானம், சாயங்காலக் காப்பி எங்க அடுப்புல. ராத்திரிச் சோறும் படுக்கையும் அவ அடுப்புல."

மாச முறை இல்லை. வேளை முறை.

டாக்டர் மெதுவாகக் கேட்டார்: "மருந்து எந்த அடுப்புல?"

சண்முகத்தாய் வயர்கூடைக்குள் கைவிட்டு ஒரு பழுப்புப் பாட்டிலை எடுத்தாள். "சாயங்காலம் நாலு மணி காப்பியோட, ஒருநாளும் தவறல." அவள் வாய் மூடுமுன், பார்வதி முந்தானையை விலக்கி இன்னொரு பாட்டிலை எடுத்தாள். "நாங்க மட்டும் தவறிட்டமா? விளக்கேத்துனதும் சோத்தோட." இரண்டையும் மேசையில் வைத்தார்கள். ஒரே பழுப்பு, ஒரே பல்வெட்டுக் காகிதம், ஒரே முத்துமுத்தான கையெழுத்து.

"நீ எதுக்குட்டி கொடுத்த?" என்று சண்முகத்தாய் பாய்ந்தாள்.

"நீங்க ஒருத்திதான் மாமாவ மருந்து கொடுத்துக் காப்பாத்துதியன்னு தெருவே பேசுது. நான் என்ன, பட்டினி போட்டுப் பாக்கேனா?"

டாக்டர் கையை உயர்த்தினார். "சண்டை பொறவு. மொதல்ல தண்ணி."

ரப்பர் குழாய் போட்டார். இந்த மருந்து அளவு மீறினால் வயதான ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், அடைத்தால் வேதனை. வாயைத் திறந்து சொல்லத் தெரியாதவர் வேட்டியை உருவுவார், அடிப்பார். உட்காரவிடாமல் நடக்கவைப்பதும், விறைக்கவைப்பதும் அதே மருந்துதான். இதெல்லாம் எனக்குப் பாடத்தில் உண்டு. நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். அவர் நடந்த நடையை நோய் என்று நினைத்து, அதற்காக இன்னும் மருந்து கேட்டவளும் நானே.

பாத்திரத்தில் சத்தம் கேட்கத் தொடங்கியது. நிற்காமல் கேட்டது. பெரியவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. வாய் கோணினாலும் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரை நிமிர்ந்து பார்த்து, குழறலாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"மடையத் தொறந்துட்டியேலே!"

சண்முகத்தாய் முதலில் சிரித்தாள். பார்வதியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

டாக்டர் சீட்டை வாங்கி, ரப்பரால் அளவை அழிக்கப் பார்த்தார். அழியவில்லை. அழுத்தித் தேய்த்தார். காகிதம் கிழிந்தது.

"இதுமேல மை போட்டது யாரு?"

"நான்தான் டாக்டர்."

"ரெண்டாவது பாட்டில்?"

"அதுவும் நான்தான். மாசம் மாறுனதால முறை மாறியிருக்கும்னு நெனச்சேன். கேக்கல."

பென்சிலைச் சீவப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சீவவில்லை. கிழிந்த சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நானும் சாப்பாடு, வெளிக்கு, ஒண்ணுக்கு, வலின்னு நாலு கேட்டேன். சோறு யார் வைக்கான்னு கேக்கலையே மிஸ். அடுப்பு வச்சுக் குடும்பம் நடத்தாதவன், எனக்கு அது தோணல. இனிமே அந்தக் கேள்வி ஒங்க டிபார்ட்மெண்ட்."

மருந்தை அடியோடு நிறுத்தினோம். மூன்றாம் நாள் குழாயை எடுத்தபின் தானாகச் சிறுநீர் போனது. விறைப்பு இளக ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது. இளகியதும், வந்துவிட்டது பழைய நாலு மணி. "கடைமடை, கடைமடை" என்று எழுந்து வார்டு கதவை உடைக்கப் பார்த்தார். எனக்கு அது பாட்டுக் கச்சேரி போல இருந்தது. இது அவருடைய சொந்தப் பதட்டம். நான் கொடுத்தது இல்லை.

ஆனால் சொந்தப் பதட்டத்துக்கும் ஏதாவது செய்ய வேண்டும். வார்டு ஆயாவின் கையைக் கடித்துவிட்டார். டாக்டர் பழைய அளவில் பாதிக்கும் கீழே எழுதினார், பென்சிலில். நான் மையைத் தொடவில்லை. இனி அந்தப் பாட்டில் எந்த வீட்டில் இருப்பது என்பதில்தான் சிக்கல்.

"மூத்தவ நான் இருக்கேன்," என்றாள் சண்முகத்தாய்.

"அப்ப நான் வெசமா வச்சுருவேன்?" என்றாள் பார்வதி.

"ரவுண்ட்ஸ் போகணும்," என்று டாக்டர் நழுவிவிட்டார். அப்போது வார்டில் இரண்டே நோயாளிகள்.

"பாட்டில் ரெண்டு வீட்டுலயும் இருக்காது," என்றேன். "எங்கிட்ட இருக்கும். மூணரைக்கு மூத்த மருமக கூட்டிட்டு வரணும். பொழுது சாய இளைய மருமக வந்து கூட்டிட்டுப் போகணும். ஒண்ணுக்குப் போனாவளான்னு ரெண்டு பேரும் எங்கிட்டச் சொல்லணும்."

வீட்டுக்கு அனுப்பிய மறுநாளிலிருந்து அப்படியே நடந்தது. அளவுக் கண்ணாடியை நீட்டினால், "சாராயமா?" என்பார்.

"மருந்து."

"அப்ப நீ குடி."

"நான் குடிச்சா மடை தெறக்க யாரு போவா?"

அதைக் கேட்டால் குடித்துவிடுவார். பின்பக்கம் ஆயா கிணற்றிலிருந்து வாளியில் இறைத்து ஊற்றுவாள். கோமதிநாயகம் களைக்கொத்தால் வாய்க்காலை வெட்டிவிட்டு வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுவார். கடைசி வாழை நனைந்த பிறகுதான் உட்காருவார். ஆயாவின் இறைப்பில் அவருக்குத் திருப்தியே கிடையாது. "இந்த மூதி சாப்பிடுதாளா இல்லையா, வாளி பாதிதான் வருது," என்பார். கடிபட்ட கையைக் காட்டி ஆயா பதிலுக்குப் பதில் கொடுப்பாள்.

வாழைத் தோட்டம்தான் அவரைச் சரியாக்கியது, மருந்து வெறும் தண்ணீர் என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சின்ன அளவு இல்லாத முதல் நாட்களில் அவரை வாய்க்கால் பக்கம் கொண்டுபோகவே முடியவில்லை. டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கட்டிலில் உட்கார்ந்து, நாலோடு என் ஐந்தாவதையும் கேட்டு, ரப்பரை எடுத்து எண்ணைக் குறைப்பார். புரட்டாசியில் எண் இருந்த இடம் வெறுமையாக இருந்தது, மருந்து நின்றுவிட்டது. அப்புறமும் கெட்ட நாட்கள் வந்தன; இரண்டு முறை சில வாரங்களுக்கு மருந்து திரும்பவும் தேவைப்பட்டது. பெரியவர் அதன்பிறகு மூன்று வருஷம் இருந்தார். உயிர் போனது தூக்கத்தில், பார்வதி வீட்டுப் படுக்கையில்.

ஆனால் நான் முடிக்க நினைப்பது அந்த ஆடித்தபசு நாளோடு. ஊர் நிறைந்து வழிந்தது; எங்கள் ஆஸ்பத்திரி வாசல்வரை கூட்டம். அன்று காலை ஒன்பது மணிக்கே சண்முகத்தாய் மாமனாரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். இடுப்பிலிருந்த வயர்கூடையில் சுருட்டிய கயிறு தெரிந்தது. புதுத் தேங்காய்நார்க் கயிறு.

"கட்டப் போறியளா?" என்றேன்.

அவள் நேரே கிணற்றடிக்குப் போனாள். எங்கள் வாளிக் கயிறு பல மாதமாக நைந்து, இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. அதை அவிழ்த்து எறிந்தாள்.

"நல்ல கயிறு கம்பவுண்டரம்மா, வீட்டுல கெடந்தா எவன் கையாவது அதுமேல போகும். இங்கன கெடக்கட்டும்." புதுக் கயிற்றை வாளிக் காதில் கோத்து முடிச்சுப் போட்டாள்.

கோமதிநாயகம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கயிறு எதற்கு வந்தது, எங்கே இருந்தது என்பது எதுவும் அவர் நினைவில் இல்லை. முடிச்சை மட்டும் உற்றுப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"தள்ளுட்டி. முடிச்சா போட்டிருக்க? ரெண்டு வாளிக்குத் தாங்காது."

அவள் போட்டதை அவிழ்த்துவிட்டு, அவரே முடிச்சுப் போட்டார்.